டயமண்ட் வடிசாலையின் மர வாலைகள்

கயானாவின் தலைநகரான ஜார்ஜ்டவுனிலிருந்து டெமராரா ஆற்றின் கிழக்குக் கரையோடு தெற்கே போனால் டயமண்ட் என்ற ஊர் வரும். அங்கே ஒரு பெரிய ரம் வடிசாலை இருக்கிறது. உலகில் பெரும்பாலான இடங்களில் சாராயம் வடிக்கும் வாலை செம்பில் இருக்கும், இல்லையென்றால் எவர்சில்வரில் இருக்கும். டயமண்டிலும் அப்படிப்பட்டவை உண்டு. ஆனால் அவற்றோடு மரத்தால் ஆன மூன்று வாலைகளும் இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கின்றன. இரண்டு, பெரிய பீப்பாய்களைப் போல உலோகப் பட்டை கட்டிய தொட்டி வாலைகள். மூன்றாவது, பலகைகளை அடுக்கி உயர்த்திய ஒரு தூண் வாலை. ரம் தொழிலில் இவ்வகை மர வாலைகள் இயங்குவதை வேறெங்கும் பார்க்க முடியாது.

பழம்பொருள் என்று கண்ணாடிப் பெட்டியில் வைக்க வேண்டியவற்றை ஒரு நிறுவனம் ஏன் இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறது? எல் டொராடோ என்ற பெயரில் 12, 15, 21 என்று வயது அச்சிட்டு உலகமெங்கும் விற்கும் ரம்முக்கு அடித்தளம் இந்த வாலைகள்தான். அந்த எண்களைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கென்னவோ எண்களைவிட வாலைகளே இந்த ரம்மைப் புரிந்துகொள்ள உதவும் என்று தோன்றுகிறது.

கயானா தென்னமெரிக்க நிலப்பரப்பில் இருந்தாலும் வரலாற்றாலும் பண்பாட்டாலும் கரீபிய நாடுதான். மேற்கிந்தியத் தீவுகள் கிரிக்கெட் அணியில் அதற்கு இடமுண்டு. கரீபிய நாடுகளின் கூட்டமைப்பான காரிகாமின் தலைமையகமும் ஜார்ஜ்டவுனில்தான். எஸ்ஸெகிபோ, டெமராரா, பெர்பிஸ் என்ற மூன்று ஆறுகளின் பெயரால் டச்சுக்காரர்கள் இங்கே குடியேற்றங்களை அமைத்தார்கள். கடற்கரை நிலம் கடலின் ஏற்றமட்டத்தைவிடத் தாழ்வானது. அணை கட்டி, வாய்க்கால் வெட்டி, மதகு வைத்துக் கடலிடமிருந்து மண்ணை மீட்டுத்தான் கரும்பு போட்டார்கள். வெட்டிய கரும்பை இன்றும் அந்த வாய்க்கால்களில் இரும்புப் படகுகளில் ஏற்றி ஆலைக்கு இழுத்துப் போகிறார்கள். 1814-இல் இந்தக் குடியேற்றங்கள் முறைப்படி பிரிட்டன் கைக்கு வந்தன. 1831-இல் மூன்றையும் சேர்த்து பிரிட்டிஷ் கயானா ஆக்கினார்கள்.

கரும்புச் சாற்றைக் காய்ச்சிச் சர்க்கரையைப் பிரித்தெடுத்த பிறகு கறுப்பாக, பிசுபிசுவென்று மிஞ்சுவது மொலாசஸ். நம்மூர் சர்க்கரை ஆலைக்காரர்கள் கழிவுப்பாகு என்பார்கள். எடையில் ஏறத்தாழ பாதி இன்னும் சர்க்கரைதான்; ஆனால் அதைப் படிகமாக்க முடியாது. பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பார்படோஸ் தீவில், இந்தக் கழிவைத் தண்ணீர் கலந்து புளிக்கவிட்டு வடித்தால் காசாகும் என்று கண்டுகொண்டார்கள். அதன்பின் கரீபியத் தோட்டங்கள் பலவற்றிலும் சர்க்கரை ஆலைக்குப் பக்கத்திலேயே ஒரு வாலை முளைத்தது. டெமராராவிலும் அப்படித்தான். தோட்டத்துக்குத் தோட்டம் வாலை வேறு, ஆகவே சுவையும் வேறு. பீப்பாயின் மேல் தோட்டத்தின் அடையாள எழுத்துகளைச் சூடு போட்டு லண்டனுக்குக் கப்பலேற்றினார்கள். போர்ட் மூரான்ட் என்றால் பி.எம். என்மோர் தோட்டத்துக்கு, அதை நிறுவிய எட்வர்ட் ஹென்றி போர்ட்டரின் முதலெழுத்துகளான இ.எச்.பி.

லண்டன் வியாபாரிகள் வாங்கியது இந்த எழுத்துகளைப் பார்த்துத்தான். அவர்களுடைய பெரிய வாடிக்கையாளர் பிரிட்டிஷ் கடற்படை. மாலுமிகளுக்குத் தினமும் ரம் அளந்து கொடுக்கும் வழக்கம் 1970 ஜூலை 31 வரை நீடித்தது. பல இடங்களின் ரம்களைக் கலந்து செய்த அந்தக் கடற்படைக் கலவைக்குக் கனத்தையும் கருமையான சுவையையும் கொடுத்தது டெமராரா ரம், அதிலும் குறிப்பாக போர்ட் மூரான்டின் சரக்கு.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் பீட்ரூட் சர்க்கரை பெருகியது. கரும்புச் சர்க்கரையின் விலை சரிந்தது. சிறு தோட்டங்களைப் பெரிய தோட்டங்கள் விழுங்கின. அவற்றைக் கம்பெனிகள் விழுங்கின. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் கயானாவின் சர்க்கரையில் பெரும்பங்கு புக்கர் என்ற ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தது. வடிசாலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. இங்கேதான் ஒரு விசித்திரம் நடந்தது. தோட்டத்தை மூடினாலும் சில வாலைகளை விறகாக்கவில்லை. பிரித்து எடுத்துக்கொண்டுபோய் அடுத்த வடிசாலையில் பூட்டினார்கள். காரணம் பாசம் அல்ல, வியாபாரம். லண்டன்காரர் பி.எம். கேட்டால் பி.எம். கொடுக்க வேண்டும், வேறு வாலையில் வடித்தால் அந்தச் சுவை வராது. போர்ட் மூரான்டின் வாலையும் வெர்சேல்ஸ் தோட்டத்தின் வாலையும் இப்படிக் கைமாறிக் கைமாறி வந்தன. 1970-களில் சர்க்கரைத் தொழில் நாட்டுடைமையானது. 1983-இல் டெமராரா டிஸ்டில்லர்ஸ் நிறுவனம் உருவானது. கடைசியில் டயமண்ட் மட்டும் மிஞ்சியது. நாட்டில் எஞ்சிய வாலைகள் அங்கே வந்து சேர்ந்துவிட்டன.

மரத்தில் ஏன் வாலை செய்தார்கள்? செம்பு கப்பலில் வர வேண்டும். மரம் ஆற்றின் மேற்புறத்துக் காட்டிலேயே இருந்தது. அதுவும் எப்படிப்பட்ட மரம்! கிரீன்ஹார்ட் என்ற அந்த மரம் தண்ணீரில் போட்டால் மூழ்கும் அளவுக்கு அடர்த்தியானது. எளிதில் மட்காது, கடல்புழு துளைக்காது. துருவக் கடலில் பனிக்கட்டி உராயும் கப்பல்களுக்கு வெளிக்கவசமாக அடித்ததும் இதைத்தான். நான்சன் வடதுருவம் நோக்கிப் போன ஃப்ராம் கப்பலும், ஷாக்கிள்டனின் எண்டூரன்ஸ் கப்பலும் கிரீன்ஹார்ட் போர்த்தியவை. கொதிக்கும் ஊறலைத் தாங்க இதைவிட நல்ல மரம் அமையாது. ஒரே சிக்கல், மரத்தொட்டிக்கு அடியில் தீ மூட்ட முடியாது. ஆகவே நீராவியைக் கொண்டுதான் சூடேற்ற வேண்டும்.

சுவை எங்கே பிறக்கிறது என்று பார்க்க ஊறலிலிருந்தே தொடங்க வேண்டும். தண்ணீர் கலந்த மொலாசஸில் ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று எத்தனாலையும் கார்பன் டை ஆக்சைடையும் வெளியேற்றுகிறது. ஓரிரு நாளில் ஊறலின் சாராய அளவு 6, 7 சதவீதத்தை எட்டும். அதோடு நின்றால் ரம்முக்கு மணமே இருக்காது. ஈஸ்ட் எத்தனாலை மட்டும் உண்டாக்குவதில்லை. கனமான வேறு ஆல்கஹால்களையும் உண்டாக்குகிறது. கூடவே குடியேறும் பாக்டீரியாக்கள் அமிலங்களைத் தருகின்றன. அமிலமும் ஆல்கஹாலும் சேர்ந்தால் எஸ்டர். ஐசோஅமைல் அசிடேட் வாழைப்பழம் மணக்கும். எத்தில் பியூட்டிரேட் அன்னாசி மணக்கும். ஜமைக்காவில் சில வடிசாலைகள் ஊறலை வாரக்கணக்கில் புளிக்கவிட்டு எஸ்டரைக் குவிப்பதையே கலையாக வைத்திருக்கின்றன. டெமராராவின் வழி வேறு. இங்கே ஊறல் விரைவாக முடிந்துவிடும்; வித்தியாசத்தை உண்டாக்குவது வாலை.

தூய எத்தனால் 78 டிகிரியில் கொதிக்கும், தண்ணீர் 100-இல். ஊறலைச் சூடாக்கினால் ஆவியில் எத்தனாலின் பங்கு கூடுதலாக இருக்கும். அதைக் குளிரவைத்தால் சாராயம். ஆனால் ஆவி மேலே போகும் வழியில் குளிர்ந்த சுவரில் பட்டுத் திரவமாகி மீண்டும் கீழே விழுகிறது. திரும்பவும் கொதித்து எழுகிறது. இந்த ஏறி இறங்கும் ஆட்டம் எத்தனை முறை நடக்கிறதோ அத்தனைக்கு அத்தனை எத்தனால் தூய்மையாகும். கனமான மூலக்கூறுகள் கீழேயே தங்கிவிடும். வோட்கா போன்ற மணமற்ற சரக்கு வேண்டுமென்றால் உயரமான தூண் வாலையில் இதைப் பலமுறை நடத்த வேண்டும். மணமும் கனமும் வேண்டுமென்றால் குறைக்க வேண்டும்.

மரத் தொட்டி வாலை குறைக்கிற வகை. செம்பு வெப்பத்தைச் சட்டென்று வெளியே கடத்திவிடும். அதனால் அதன் சுவர் குளிர்ந்து, ஆவி பட்டுப் பட்டு விழும். தடித்த மரம் வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆவி பெரும்பாலும் நேரே கழுத்துக்கு ஏறிவிடும். இன்னொன்று, செம்புக்கு ஒரு வேதிக் குணம் உண்டு: புளித்த ஊறலில் உள்ள கந்தகச் சேர்மங்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மர வாலையில் கழுத்தும் குழாய்களும்தான் செம்பு. ஆவிக்குச் செம்போடு உறவு குறைவு. ஆகவே வந்து சேரும் ரம்மில் இறைச்சி, தோல், அதிமதுரம் என்று சுவைஞர்கள் எழுதும் கனத்த வாசனைகள் மிஞ்சுகின்றன. மரம் நுண்துளைகள் கொண்டது. வடித்து வடித்து எண்ணெய்ப் பசையுள்ள சேர்மங்கள் அதில் ஊறியிருக்கும். வருஷக்கணக்கில் மீன்குழம்பு வைத்த மண்சட்டியைப் புதுச் சட்டியால் ஈடுசெய்ய முடியாது என்று நம் வீடுகளில் சொல்வதைப் போலத்தான் இதுவும்.

போர்ட் மூரான்ட் வாலையில் இரண்டு மரத்தொட்டிகள் அடுத்தடுத்து உள்ளன. முதல் தொட்டியில் எழும் ஆவி இரண்டாவதன் உள்ளே போய் அங்கிருக்கும் திரவத்தைச் சூடாக்கி மீண்டும் வடிக்கிறது. வெர்சேல்ஸில் ஒரே தொட்டி. மூன்றாவதான என்மோர் வாலை 1880-ஐச் சேர்ந்தது. ஏனியஸ் காஃபி என்ற அயர்லாந்துக்காரர் 1830-இல் காப்புரிமை பெற்ற தொடர்வடிப்பு முறையை மரத்தில் கட்டியது. இந்தக் காஃபி அதற்கு முன் கலால் அதிகாரியாக இருந்து கள்ளச்சாராயக்காரர்களைத் துரத்தியவர் என்பது சுவையான செய்தி. அவருடைய அமைப்பில் இரண்டு தூண்கள். ஒன்றில் ஊறல் மேலிருந்து துளைத் தட்டுகள் வழியே இறங்கும். கீழிருந்து நீராவி ஏறி அதிலுள்ள சாராயத்தை வாரிக்கொண்டு போகும். அந்தச் சூடான ஆவி மற்றத் தூணுக்குப் போய், அங்கே குழாயில் வரும் புது ஊறலைச் சூடேற்றித் தானும் குளிர்கிறது. எரிபொருள் மிச்சம், வேலையும் நிற்காது.

போர்ட் மூரான்ட் வாலைக்கு 1732 என்ற ஆண்டைச் சொல்லி விளம்பரம் செய்கிறார்கள். அந்த எண்ணை நான் அப்படியே ஏற்க மாட்டேன். கொதிநீராவியில் கிடக்கும் பலகை கிரீன்ஹார்ட்டே ஆனாலும் முந்நூறு வருஷம் நிற்காது. பழுதான பலகைகளை மாற்றி மாற்றித்தான் இவற்றைப் பேணுகிறார்கள். ஆண்டு தோட்டத்துக்கு உரியது. வாலையின் வடிவம் தொடர்கிறது, மரம் மாறுகிறது. அதனால் வாலையின் மதிப்பு குறைந்துவிடவில்லை. சுவையைத் தருவது வடிவமும் பொருளும்தானே, பிறந்த தேதி அல்லவே.

இந்தப் பெயர்கள் பாட்டிலின் மேல் அழகாக இருக்கின்றன. தோட்டத்தில் அவை அவ்வளவு அழகாக இருந்ததில்லை. 1763-இல் பெர்பிஸில் கஃபி என்பவரின் தலைமையில் அடிமைகள் எழுந்தார்கள். 1823-இல் டெமராராவில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் கிளர்ந்தார்கள். அடக்குமுறை கொடூரமாக இருந்தது. அடிமை முறை ஒழிந்ததும் தோட்டக்காரர்கள் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவந்தார்கள். 1838 மே 5 அன்று விட்பி, ஹெஸ்பெரஸ் என்ற இரு கப்பல்கள் முதல் கூட்டத்தை இறக்கின. 1917 வரை ஏறத்தாழ 2,39,000 பேர் வந்தார்கள். பெரும்பாலோர் கல்கத்தாவில் கப்பலேறிய போஜ்புரிக்காரர்கள். சென்னைத் துறைமுகம் வழியாகத் தமிழரும் தெலுங்கரும் சிறு தொகையில் வந்தார்கள். அங்கே அவர்களை மதராசிகள் என்றார்கள். பெர்பிஸ் பகுதியில் இன்றும் அவர்கள் வழியில் மாரியம்மன் கோயில்களும் மதுரை வீரன் வழிபாடும் இருக்கின்றன. தமிழ்ப் பேச்சு போய்விட்டது. போர்ட் மூரான்ட் என்றால் நம் தாத்தாக்களுக்கு ரம் நினைவுக்கு வந்திருக்காது. கிரிக்கெட் வீரர் ரோஹன் கன்ஹாய் நினைவுக்கு வந்திருப்பார். அவர் பிறந்த ஊர் அது. பின்னாளில் கயானாவின் அதிபரான செட்டி ஜெகனும் அந்தத் தோட்டத்துப் பிள்ளைதான்.

இ.எச்.பி. முத்திரையின் என்மோரில், 1948 ஜூன் 16 அன்று, வேலைநிறுத்தத்தில் இருந்த கரும்புத் தொழிலாளர்கள்மேல் போலீஸ் சுட்டது. ஐந்து பேர் இறந்தார்கள். கரும்பை வெட்டுவதோடு படகில் ஏற்றவும் வேண்டும் என்ற விதியை எதிர்த்த போராட்டம் அது. என்மோர் தியாகிகள் என்று நாடு இன்றும் அவர்களை நினைவுகூர்கிறது. டயமண்ட் தோட்டத்துத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த யேசு பெர்சாத் பின்னாளில் டெமராரா டிஸ்டில்லர்ஸின் தலைவரானார். மொத்தச் சரக்காக ரம்மை லண்டனுக்கு விற்றுவந்த நிறுவனம், 1990-களின் தொடக்கத்தில் 15 வருஷ எல் டொராடோவைத் தன் பெயரிலேயே சந்தைக்குக் கொண்டுவந்தது அவர் காலத்தில்தான்.

இப்போது அந்த 15-க்கு வருவோம். வாலையிலிருந்து வரும்போது ரம் தண்ணீரைப் போல நிறமற்றது. அதை அமெரிக்காவில் பூர்பன் விஸ்கி வைத்துக் கழித்த ஓக் பீப்பாயில் ஊற்றுகிறார்கள். பூர்பனை உட்புறம் கருக்கிய புதுப் பீப்பாயில்தான் வைக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். அதனால் ஒருமுறை பயன்படுத்திய பீப்பாய்கள் மலிவாகக் கிடைக்கின்றன. உலகத்து ரம்மில் பெரும்பகுதி அவற்றில்தான் முதிர்கிறது. மரத்தைத் தீயில் கருக்கும்போது அதன் லிக்னின் உடைந்து வனிலின் உண்டாகிறது. வனிலா வாசனையின் மூலக்கூறே அது. ஹெமிசெல்லுலோஸ் உடைந்து கருகிய சர்க்கரை மணம் தருகிறது. ஓக்கின் லாக்டோன்கள் தேங்காய் மணக்கும். பலகை வழியே மெல்லக் கசியும் காற்றின் ஆக்சிஜன் எத்தனாலில் ஒரு பகுதியை அசிட்டிக் அமிலமாக்க, அது மீதி எத்தனாலோடு சேர்ந்து புது எஸ்டராகிறது. சாராயத்தின் முரட்டுத்தனம் குறைந்து பழமணம் கூடுவது இப்படித்தான்.

இதெல்லாம் வெப்பத்தில் வேகமாக நடக்கும். ஸ்காட்லாந்தின் சராசரி வெப்பநிலை 10 டிகிரிக்குக் கீழ். ஜார்ஜ்டவுனில் இரவு பகல், வருஷம் முழுக்க, 27-ஐ ஒட்டியே இருக்கும். ஆகவே வெப்பநாட்டு ஒரு வருஷம் ஸ்காட்லாந்தின் மூன்று வருஷத்துக்குச் சமம் என்று விற்பனையாளர்கள் பெருக்கிச் சொல்வார்கள். அது பாதி உண்மை. ஓக்கிலிருந்து சாறு இறங்குவது வேகமாகிறது என்பது சரி. ஆனால் எல்லா வினைகளும் ஒரே விகிதத்தில் விரைவதில்லை. ஒன்று கூடி மற்றொன்று பின்தங்கும்போது கிடைப்பது வேகமாக முதிர்ந்த அதே சரக்கல்ல, வேறு சரக்கு. அளவுக்கு மீறி வைத்திருந்தால் ஓக்கின் துவர்ப்பு மட்டும்தான் நாக்கில் நிற்கும்.

வெப்பம் கேட்கும் விலை ஆவியாதல். ஸ்காட்லாந்தில் ஒரு பீப்பாய் வருஷத்துக்கு ஏறத்தாழ 2 சதவீதத்தை இழக்கும். கரீபியப் பகுதியில் 6 சதவீதம் சாதாரணம். 200 லிட்டர் பீப்பாயை 6 சதவீதக் கணக்கில் போட்டுப் பாருங்கள்: 15 வருஷத்தில் மிஞ்சுவது 80 லிட்டருக்குச் சற்றுக் குறைவு, 25 வருஷத்தில் 43 லிட்டர். ஸ்காட்லாந்துப் பீப்பாயில் 15 வருஷம் கழித்தும் 148 லிட்டர் இருக்கும். பழைய ரம் விலை கூடுவதற்கு இதுவே நேர்மையான காரணம். எது அதிகம் பறக்கும் என்பதைக் காற்றின் ஈரப்பதம் முடிவு செய்கிறது. வறண்ட கிடங்கில் தண்ணீர் முந்திக்கொள்ளும், சாராயத்தின் வீரியம் ஏறும். கயானாவைப் போல ஈரம் மிகுந்த இடத்தில் எத்தனால் முந்திக்கொள்ளும், வீரியம் இறங்கும்.

நிறத்தைப் பார்த்து வயதைச் சொல்லிவிடலாம் என்று நம்ப வேண்டாம். கறுத்த டெமராரா ரம்களின் நிறத்தில் பெரும்பங்கு கேரமல், அதாவது கருக்கிய சர்க்கரைச் சாயம். கடற்படைக் காலத்திலிருந்தே உள்ள பழக்கம். சாயத்தைவிட முக்கியமானது இனிப்பு. வடித்த சாராயத்தில் சர்க்கரை துளியும் இருக்க முடியாது, சர்க்கரை ஆவியாகாது. ரம் நாக்கில் தேனாக வழுக்கினால் யாரோ பிறகு கலந்திருக்கிறார்கள். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஹைட்ரோமீட்டர் திரவத்தின் அடர்த்தியைப் பார்த்துச் சாராய அளவைச் சொல்லும் கருவி. எத்தனால் தண்ணீரைவிட லேசானது, சர்க்கரை அடர்த்தியைக் கூட்டும். லிட்டருக்கு ஏறத்தாழ 4 கிராம் சர்க்கரை சேர்ந்தால் கருவி ஒரு சதவீதம் குறைத்துக் காட்டும். லேபிள் 40 என்று சொல்ல, கருவி 35 காட்டினால், லிட்டருக்கு 20 கிராம் போட்டிருக்கிறார்கள் என்று கணக்கு. ரம் ஆர்வலர்கள் பலர் இந்தச் சோதனையைச் செய்ததில் எல் டொராடோவின் பாட்டில்களும் அகப்பட்டன. பதினைந்து வருஷம் காத்திருந்து, பாதிக்கு மேல் காற்றுக்குக் கொடுத்துச் சேர்த்த சரக்கில் கடைசியில் சர்க்கரையைக் கொட்டுவது எனக்குப் புரியாத வியாபாரம். ஐரோப்பிய ஒன்றியம் 2021 மே முதல் ரம்மில் லிட்டருக்கு 20 கிராமுக்கு மேல் இனிப்பு கூடாது என்று வரம்பு கட்டியது. தேவையான வரம்புதான்.

வயது எண்ணிலும் ஒரு நுணுக்கம் உண்டு. சில லத்தீன் அமெரிக்க ரம்களில் 23 என்று அச்சிட்டிருந்தால், கலவையில் உள்ள மிகப் பழைய சொட்டின் வயது அது. டயமண்டில் அச்சிடுவது கலவையின் மிக இளைய ரம்மின் வயதை. இந்த விஷயத்தில் அவர்கள் யோக்கியர்கள். எவ்வளவு முதிர்ந்தாலும் எத்தனால் எத்தனால்தான். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை மதுவை 1988-லேயே புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பட்டியலில் சேர்த்துவிட்டது. பாட்டிலின் விலையோ வயதோ அதை மாற்றாது.

என் தீர்ப்பு இதுதான்: ஓக் பீப்பாயும் வெப்பமும் காலமும் காசு உள்ள எவருக்கும் கிடைக்கும். பார்படோஸிலும் பனாமாவிலும் 15 வருஷ ரம் உண்டு. கிரீன்ஹார்ட் வாலை டயமண்டில் மட்டுமே இருக்கிறது. அந்த லேபிளில் வயதைவிடப் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டியது பி.எம்., இ.எச்.பி. என்ற பழைய சூட்டு எழுத்துகளை. ஆனால் வாலைக்கும் மொலாசஸ் வேண்டும். அரசு சர்க்கரைக் கழகம் 2016-இல் வேல்ஸ் ஆலையையும் 2017-இல் என்மோர் உட்பட மூன்று ஆலைகளையும் மூடியது. 2004-இல் 3 லட்சம் டன்னைத் தாண்டிய கயானாவின் சர்க்கரை உற்பத்தி, 2022-இல் 47 ஆயிரம் டன்.